கழிவு நிலத்தில் கலை

கைவிடப்பட்ட சுரங்கம், தோண்டி முடித்த சரளைக்கல் குழி, நிரம்பி வழிந்த குப்பைக் கிடங்கு, கன உலோகம் ஊறிய மண் ஆகியவற்றையே களமாகவும் மூலப்பொருளாகவும் எடுத்துக்கொண்ட ஒரு கலைப்போக்கு 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாகிப் பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது. சூழல் கலை என்று பொதுவாகச் சொல்லப்படும் வகையில் இது ஒரு கிளை. காட்சிக்கூடத்தில் மாட்டி வைக்க இதில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. மண் எவ்வளவு தேறியது, நீர் எவ்வளவு தெளிந்தது, அந்த இடத்துக்கு மனிதரும் பறவைகளும் திரும்பி வந்தார்களா என்ற கேள்விகளைக் கொண்டே இதை மதிப்பிட வேண்டியிருக்கிறது. அப்படி மதிப்பிடும்போது, ஐம்பது ஆண்டுகளில் பிறந்த இவ்வகைப் படைப்புகளுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு தெரிகிறது. சில படைப்புகள் கெட்ட நிலத்தின் மேல் அழகான உருவத்தைப் போர்த்தியதோடு நின்றன. சில, நிலத்தைக் கெடுத்த நஞ்சு எது, அது எப்படி நகர்கிறது என்று அறிந்து அதனோடு வேலை செய்தன. இரண்டாம் வகையே நிலைத்திருக்கிறது. ஆனால் அதற்கு வழி திறந்துவிட்டது முதல் வகைதான்.

தொடக்கத்தில் நிற்பவர் ராபர்ட் ஸ்மித்சன். 1938இல் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். மலையையும் அருவியையும் தேடிச் சென்ற ஓவியர் மரபு அவரை ஈர்க்கவில்லை. பசேயிக் ஆற்றங்கரையின் இரும்புப் பாலத்தையும் கழிவு கொட்டும் குழாய்களையும் நினைவுச் சின்னங்களாக வர்ணித்து 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். 1970இல் யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரிக்குள் எரிமலைப் பாறையும் மண்ணும் கொட்டி, 1,500 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட சுருள் வடிவக் கரை ஒன்றை அமைத்தார். எண்ணெய் எடுக்க முயன்று தோற்றவர்கள் விட்டுப்போன துருப்பிடித்த எந்திரங்கள் அக்கரையில் கிடந்தன. அந்த இடத்தில் அவரைக் கவர்ந்தவற்றுள் அதுவும் ஒன்று.

மறு ஆண்டு நெதர்லாந்தில் எம்மென் நகருக்கு அருகே, வேலை நடந்துகொண்டிருந்த ஒரு மணல் குவாரியில் அடுத்த படைப்பைச் செய்தார். நீருக்குள் பாதியும் நிலத்துக்குள் பாதியுமாக ஒரு உடைந்த வட்டம்; அருகே ஏறி நின்று அதைப் பார்ப்பதற்குச் சுருள் பாதை சுற்றிய ஒரு குன்று. வட்டத்தின் நடுவில் பனியாறு ஒன்று பழங்காலத்தில் தள்ளிக்கொண்டு வந்து விட்ட பெரும்பாறை கிடந்தது. அதை நகர்த்துவது எளிதாக இல்லாததால் படைப்பின் பகுதியாகவே ஆக்கிக்கொண்டார். இந்த அனுபவத்துக்குப் பிறகு சுரங்க நிறுவனங்களுக்குத் திட்டங்கள் அனுப்பத் தொடங்கினார். தொழிலதிபரும் சூழலியலாளரும் எதிரெதிரே நிற்கும்போது இருவருக்கும் இடையே பேசக்கூடியவர் கலைஞர் என்பது அவருடைய வாதம். யூட்டாவின் பிங்கம் செப்புச் சுரங்கம் உலகின் மிகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒன்று. அதன் அடித்தளத்தில் மாபெரும் வட்டத் தட்டு ஒன்றை அமைக்க 1973இல் வரைபடம் தயாரித்தார். கொலராடோவில் சுரங்கச் சக்கை தேங்கும் குட்டைகளுக்கும் ஒரு திட்டம் இருந்தது. எதுவும் நிறைவேறவில்லை. அவ்வாண்டு ஜூலை 20ஆம் தேதி, டெக்சாஸ் மாநிலத்தில் தம் அடுத்த படைப்புக்கான இடத்தைச் சிறு விமானத்திலிருந்து பார்வையிட்டபோது விமானம் விழுந்து இறந்தார். வயது 35.

ஸ்மித்சன் விட்டுச் சென்றது ஒரு துணிச்சலான எண்ணம்: தொழில் சிதைத்த இடத்தை மறைக்கவோ மறக்கவோ வேண்டாம், அங்கேயே போய் வேலை செய்யலாம். மண்ணின் வேதியியல் அவருடைய அக்கறையாக இருக்கவில்லை. எல்லாம் ஒருநாள் சிதையும் என்பதை ஏற்றுக்கொண்டவருக்கு நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இலக்காகவும் இருந்திருக்க முடியாது.

அந்த எண்ணத்துக்குப் பணமும் சட்டமும் பின்னால் வந்தன. 1977இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கான நிலமீட்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மேற்பரப்பை வெட்டி நிலக்கரி எடுப்பவர்கள் நிலத்தை ஏறக்குறைய அதன் பழைய வடிவத்துக்குத் திருப்ப வேண்டும். எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். அந்த நிதியில் உரிமையாளரற்றுக் கிடக்கும் பழைய சுரங்கங்கள் சீர்செய்யப்படும். இரண்டு ஆண்டுகள் கழித்து, சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுன்டியின் கலை ஆணையம், நிலமீட்பைச் சிற்பமாகக் காணலாமா என்ற கேள்வியோடு ஒரு கருத்தரங்கை நடத்திச் சரளைக்கல் குழி உள்ளிட்ட கெட்ட இடங்களைக் கலைஞர்களிடம் ஒப்படைத்தது. அதன் வழியாக ஹெர்பர்ட் பேயர் கென்ட் நகரில் மழைவெள்ளத்தைத் தேக்கும் படுகை ஒன்றைப் புல் மேடுகளும் வளையங்களுமாக வடிவமைத்தார். 1982இல் முடிந்த அந்தப் பூங்கா நகரின் வெள்ளத் தடுப்பு அமைப்பாகவும் வேலை செய்கிறது.

அதே திட்டத்தில் ராபர்ட் மோரிஸ் செய்ததும் பேசியதும் இக்கலையின் வரலாற்றில் தனி இடம் பெறுபவை. பல பத்தாண்டுகளாகக் கைவிடப்பட்டுக் கிடந்த சுமார் 4 ஏக்கர் சரளைக்கல் குழியை அவர் வட்ட அடுக்குகளாகச் சரித்துப் புல் விதைத்தார். மேல் விளிம்பில் வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகளைக் கறுப்பாக்கி அப்படியே நிறுத்தினார். நடந்த அழிவை வருபவர் கண் தவறவிடக் கூடாது என்பதற்காக. கருத்தரங்கில் பேசியபோது, தம்மை அழைத்தவர்கள் முன்னிலையிலேயே ஒரு சங்கடமான கேள்வியை வைத்தார். சிதைந்த நிலத்தைக் குறைந்த செலவில் கலைப்படைப்பாக மாற்றித் தரக் கலைஞர் கிடைப்பார் என்றால், அடுத்த மலையை வெட்டுவது நிறுவனங்களுக்கு எளிதாகிவிடாதா? சிதைத்தவரின் குற்றத்தைத் துடைக்கும் வேலை கலைஞரின் தலையில் விழாதா? பின்னர் கட்டுரையாகவும் வெளிவந்த இந்தக் கேள்விக்கு இன்றுவரை முழு விடை இல்லை. நிலமீட்பு என்ற பெயரில் வரும் எந்தக் கலைத் திட்டத்தையும் இதைக் கேட்காமல் ஏற்பது சரியல்ல.

மோரிஸ் அஞ்சியதற்கு நெருக்கமான எடுத்துக்காட்டு விரைவிலேயே வந்தது. இலினாய் மாநிலத்தில் இலினாய் ஆற்றங்கரையில் உள்ள பஃபலோ ராக் என்ற மேட்டில் 1930களில் நிலக்கரி வெட்டியிருந்தார்கள். எஞ்சிய மண்ணில் அமிலம் மிகுந்து புல்கூட முளைக்கவில்லை. 1983க்கும் 1985க்கும் இடையே சிற்பி மைக்கேல் ஹைசர் அங்கே ஐந்து மாபெரும் மண் உருவங்களை எழுப்பினார்: பாம்பு, ஆமை, தவளை, கெளுத்தி மீன், நீர்மேல் நடக்கும் பூச்சி. வட அமெரிக்கத் தொல்குடிகள் எழுப்பிய விலங்குருவ மண்மேடுகள் அவருக்கு முன்மாதிரி. நிலமீட்பு நிதியும், நிலத்துக்கு உரிமையான சிலிக்கா நிறுவனத்தின் அறக்கட்டளை ஆதரவும் இருந்தன. மண்ணில் சுண்ணாம்பு கலந்து அமிலத்தைத் தணித்துப் புல் விதைத்தார்கள். சுரங்கப் பள்ளங்களைச் செப்பனிடுவது தம் வேலையல்ல, சிற்பம் செய்யவே வந்தேன் என்ற நிலைப்பாடு ஹைசருக்கு இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல மண் அரித்தது, புதர் மண்டியது. தரையில் நடப்பவருக்கு உருவங்கள் அடையாளம் தெரியாமல் போயின. வானத்திலிருந்து பார்க்க வேண்டிய வடிவத்தைத் தரையில் வாழும் மக்களுக்கு ஆக்கித் தந்தது அதன் முதல் குறை. பராமரிப்பவர் யார் என்பதை வடிவத்தின் பகுதியாகச் சிந்திக்காதது இரண்டாவது.

ஆக்னஸ் டெனிஸின் படைப்புகள் வேறொரு திசையில் சென்றன. ஹங்கேரியில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த இவர், 1982 கோடையில் மன்ஹாட்டன் தீவின் தெற்கு நுனியில் 2 ஏக்கரில் கோதுமை விளைவித்தார். அந்த இடம் இயற்கையான நிலமே அல்ல. உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்காகத் தோண்டிய மண்ணையும் கட்டட இடிபாடுகளையும் ஆற்றில் கொட்டி உருவாக்கிய மேடு. டெனிஸும் உதவியாளர்களும் கல்லையும் குப்பையையும் பொறுக்கி எறிந்து, 200 லாரி மண் கொண்டுவந்து பரப்பி, 285 சால்களைக் கையால் கீறி மே மாதத்தில் விதைத்தார்கள். களை பறித்து, உரமிட்டு, பூச்சி பார்த்து, நீர் பாய்ச்சி நான்கு மாதம் காத்த பயிர் ஆகஸ்ட் 16 அன்று அறுவடையானது. கிடைத்த மணி 1,000 பவுண்டுக்கு மேல். உலகப் பங்குச் சந்தையின் தலைநகரிலிருந்து நடந்தே வரக்கூடிய தொலைவில், கோடிக்கணக்கான டாலர் பெறும் மனைநிலத்தில், உணவுப் பயிர் தலைசாய்த்து நின்ற காட்சியின் வலிமை இன்றும் குறையவில்லை. அந்த இடத்தில் பிறகு பேட்டரி பார்க் சிட்டி என்ற குடியிருப்பும் அலுவலகங்களும் எழுந்தன. நிலமீட்பு என்று இதைச் சொல்ல முடியாது. கழிவு மேட்டிலும் விளையும் என்று கண்ணெதிரே காட்டிய ஒரு பருவத்துச் சாகுபடி இது.

நீண்ட காலத்தைக் கணக்கில் எடுத்த படைப்பை டெனிஸ் பின்லாந்தில் செய்தார். யூலயார்வி நகருக்கு அருகே சரளைக்கல் தோண்டிச் சீரழிந்த நிலத்தில் 420 மீட்டர் நீளம், 270 மீட்டர் அகலம், 28 மீட்டர் உயரத்தில் நீள்வட்ட மலை ஒன்று எழுப்பப்பட்டது. 1992 முதல் 1996 வரை அதில் 11,000 பைன் மரக்கன்றுகள் நடப்பட்டன. அன்னாசிப் பழத்தின் செதில்களில் தெரியும் சுழல் ஒழுங்கைக் கணிதமாக்கி வரிசைகளை வகுத்திருந்தார் டெனிஸ். நட்டவர்களும் 11,000 பேர். ஆளுக்கு ஒரு மரம். ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் தரப்பட்டது. மரத்தின் பொறுப்பு அவர்களுக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் சேர்ந்தது. 1992இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டின்போது பின்லாந்து அரசு இத்திட்டத்தை அறிவித்தது. 400 ஆண்டுகளுக்கு மரங்களை வெட்டக் கூடாது என்ற ஏற்பாடும் உண்டு. ஒரே இன மரத்தைக் கணக்குப் போட்டு நட்டால் காடாகுமா என்ற ஐயம் நியாயமானது. பிற மரங்களும் பூஞ்சையும் பூச்சியும் வந்து சேர்ந்து தம் ஒழுங்கை அமைத்துக்கொள்ள நெடுங்காலம் பிடிக்கும். 400 ஆண்டு என்ற கெடு அதற்கு இடம் கொடுக்கிறது. ஹைசரின் மேடுகளுக்குக் கிடைக்காத காவல் இங்கே நடவு முறைக்குள்ளேயே சேர்ந்திருப்பதுதான் இப்படைப்பின் உண்மையான நுட்பம்.

மண்ணின் நஞ்சையே கலையின் பொருளாக்கியவர் மெல் சின். 1951இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் பிறந்தவர். சில செடிகள் கன உலோகங்களை வேரால் உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் திரட்டி வைத்துக்கொள்ளும் என்பதை 1980களின் இறுதியில் படித்தறிந்தார். அறிவியலாளருக்கு இது புதிதன்று. அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய ரூஃபஸ் சேனி, இத்தகைய செடிகளைப் பயிரிட்டு அறுத்தால் மண்ணிலிருந்து உலோகத்தை வெளியேற்றலாம் என்று 1983இலேயே எழுதியிருந்தார். ஆனால் அமெரிக்காவில் அதை உண்மையான நச்சு நிலத்தில் சோதித்துப் பார்க்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கவில்லை. சின் அவரைத் தேடிப் போனார். கலைஞருக்கு அறிவியலாளரின் அறிவு தேவைப்பட்டது. அறிவியலாளருக்கு ஒரு வயல் தேவைப்பட்டது.

நிதி கேட்டபோது தடை வந்தது. 1990இல் அமெரிக்காவின் தேசியக் கலை நிதியத்தின் வல்லுநர் குழு இத்திட்டத்துக்கு 10,000 டாலர் பரிந்துரைத்தது. நிதியத்தின் தலைவர் ஜான் ஃப்ரோன்மேயர் அதை நிறுத்திவைத்தார். எந்தக் கலைக்கு மக்கள் பணம் போகலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் கடும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. களைச்செடி வளர்ப்பது கலையா என்ற ஐயத்தைத் தீர்க்கச் சின் அவரை நேரில் சந்தித்து விளக்கினார். சிற்பி கல்லைக் குறைத்து உள்ளிருக்கும் உருவத்தை வெளிக்கொணர்கிறார். இங்கே குறைக்கப்படும் பொருள் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு, உளியாக வேலை செய்வது செடியின் உயிர்வேதியியல், வெளிப்படும் உருவம் உயிர் திரும்பிய மண். இந்த விளக்கத்துக்குப் பிறகு நிதி விடுவிக்கப்பட்டது.

வயல் 1991இல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், காட்மியம் கலந்து கெட்டிருந்த பிக்ஸ் ஐ குப்பைக் கிடங்கில் அமைந்தது. கம்பிவேலி போட்ட 60 அடிச் சதுரம். அதற்குள் ஒரு வட்டம். வட்டத்தை நான்காகப் பிரித்துக் குறுக்கே செல்லும் நடைபாதைகள். மேலிருந்து பார்த்தால் குறிபார்க்கும் கருவியின் கண்ணாடி போலத் தெரியும் இந்த வடிவத்துக்குள் 96 சிறு பாத்திகள் இருந்தன. மண்ணின் அமிலத்தன்மையையும் உரத்தையும் மாற்றி மாற்றிப் பல செடிகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் தலாஸ்பி என்ற குட்டையான மலைச்செடி முன்னால் நின்றது. பெரும்பாலான பயிர்களைக் கொன்றுவிடும் அளவு துத்தநாகத்தை இது சாதாரணமாகத் தாங்கும். ஒரு கிலோ உலர்ந்த இலையில் 10 கிராமுக்கு மேலும் துத்தநாகத்தைத் திரட்ட வல்லது. காட்மியத்தையும் இழுக்கும். அறுத்து உலர்த்தி எரித்தால் உலோகம் சாம்பலில் செறிந்து நிற்கும். மூன்று ஆண்டுச் சோதனையில் இச்செடி காட்மியத்தை உறிஞ்சுவது திறந்தவெளி வயலிலேயே உறுதிப்பட்டது. தொடர்ந்து, துத்தநாக உருக்காலையால் பாழான பென்சில்வேனியாவின் பால்மர்ட்டனிலும், பின்னர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலும் இதே வகை வயல்கள் அமைந்தன.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். தலாஸ்பி சிறிய செடி, மெதுவாக வளர்வது. ஒரு பருவத்தில் அது மண்ணிலிருந்து எடுத்துச் செல்லும் உலோகத்தின் மொத்த அளவு குறைவு. மிகவும் கெட்ட நிலத்தை இதனால் மட்டும் தூய்மையாக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். எல்லா உலோகங்களையும் செடி இழுப்பதும் இல்லை. ஈயம் மண்ணை விட்டு எளிதில் நகராது. அதனால் 2005இல் புயல் தாக்கிய நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், பழைய பெயின்ட்டும் பெட்ரோல் புகையும் மண்ணில் சேர்த்திருந்த ஈயத்தைச் சின் எதிர்கொண்டபோது வழி மாறியது. மீன் எலும்பில் உள்ள பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து கரையாத கனிமமாகிவிடும். குழந்தையின் உடலுக்குள் போனாலும் குறைவாகவே உறிஞ்சப்படும். இந்த முறைக்கு அரசின் பணத்தைக் கேட்பதற்காகப் பள்ளிக் குழந்தைகளைக் கொண்டு நூறு டாலர் நோட்டுகளை வரையவைத்தார். லட்சக்கணக்கில் வந்த அந்த ஓவியங்கள் திரட்டப்பட்டன. ஈயத்தால் மூளை வளர்ச்சி கெடுவது குழந்தைகளுக்கு என்பதால், கோரிக்கையும் அவர்கள் கையாலேயே எழுந்தது.

அமில நீர் இக்கலை எதிர்கொண்ட மற்றொரு பெரும் சிக்கல். நிலக்கரிப் படுகைகளில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் இருக்கிறது. சுரங்கம் தோண்டும்வரை அது காற்றும் நீரும் படாமல் கிடக்கும். சுரங்கம் மூடப்பட்டு நிலத்தடி நீர் நிரம்பியதும் பைரைட் சிதைந்து கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகின்றன. அந்த நீர் வெளியே ஓடையில் கலந்து காற்றுப் பட்டவுடன் இரும்பு துருவாகப் பிரிந்து படுகை முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் படிகிறது. பூச்சிகளின் முட்டையும் புழுவும் அதில் புதைந்துபோக, அவற்றைத் தின்னும் மீனும் இல்லாமல் போகிறது. சுரங்க நிறுவனம் கலைந்துபோன பின்னும் இந்த ஓட்டம் நூற்றாண்டுக் கணக்கில் தொடரக்கூடும். வழக்குத் தொடுக்கக்கூட ஆளில்லாத மாசு இது.

பென்சில்வேனியாவின் வின்டன்டேல் அப்படி ஒரு நிலக்கரி ஊர். சுரங்கமும் கல்கரி அடுப்புகளும் போன பிறகு ஊருக்கு நடுவே சக்கை மேடும் அமில ஊற்றும் எஞ்சின. 1994இல் வரலாற்றாசிரியர் ஆலன் காம்ப் அங்கே ஒரு முயற்சியைத் தொடங்கினார். நிலக்காட்சி வடிவமைப்பாளர் ஜூலி பார்க்மன், சிற்பி ஸ்டேசி லெவி, நீர்நிலவியலாளர் ராபர்ட் டீசன் ஆகியோர் சேர்ந்தனர். 35 ஏக்கர் பூங்காவில் அமில நீர் வரிசையாக ஆறு குட்டைகளின் வழியே செலுத்தப்படுகிறது. சுண்ணாம்புக்கல் அமிலத்தை முறிக்கிறது. ஆழமற்ற நீரில் இரும்பு படிகிறது. கடைசியில் சதுப்பு நிலத்தைக் கடந்து ஓடையில் சேர்கிறது. முதல் குட்டை ஆரஞ்சு, போகப் போக மஞ்சள், பின்பு பச்சை, முடிவில் தெளிந்த நீலம். இருபுறமும் நடப்பட்ட மரவரிசைகள் இலையுதிர் காலத்தில் இதே வரிசையில் நிறம் மாறுகின்றன: அமிலக் குட்டையருகே கருஞ்சிவப்பு, இடையே ஆரஞ்சும் மஞ்சளும், தூய நீர் அருகே வெள்ளி கலந்த பச்சை. வேதியியல் மாற்றத்தை ஊர்க்காரர் கண்ணால் படிக்க முடிகிறது. பூங்காவில் விளையாட்டுத் திடலும் உண்டு. ஊர் மக்கள் கேட்டது அதைத்தான். நிபுணர்கள் வந்து அழகை வழங்கிவிட்டுப் போனார்கள் என்ற கசப்பு இல்லாமல் போனதற்கு இது ஒரு காரணம். திட்டம் நிறைவடைய 2005 வரை ஆனது. இத்தகைய குட்டைகளில் சுண்ணாம்புக்கல்லின் மேல் காலப்போக்கில் இரும்பு படிந்து அதன் வேகம் குறையும். அவ்வப்போது தூர்வாரியே தீர வேண்டும்.

தூர்வாரும் துருவுக்கு விலை கிடைத்தால் என்ன என்று கேட்டவர்கள் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். அங்கே சூழல் பொறியியல் பேராசிரியரான கை ரீஃப்லரும் ஓவியப் பேராசிரியரான ஜான் சாப்ராவும் சேர்ந்து, ஓடையைக் கெடுக்கும் இரும்பிலிருந்து ஓவிய நிறமி தயாரித்தனர். ஓவியர்கள் குகைக் காலம் முதல் பயன்படுத்திவரும் காவியும் செம்மண் நிறமும் இரும்பு ஆக்சைடுதான். அமில நீரை நடுநிலையாக்கிக் காற்றோட்டம் கொடுத்தால் இரும்பு வண்டலாகப் படியும். அதைக் கழுவி, உலர்த்தி, அரைத்து, சூளையில் சுட வேண்டும். சூட்டின் அளவைப் பொறுத்து மஞ்சள் காவி, துருச் சிவப்பு, ஊதா என்று நிறம் மாறுகிறது. தொடக்கத்தில் நிறம் ஒருசீராக வரவில்லை. தூய்மையும் துகளின் அளவும் கைவர ஆண்டுகள் பிடித்தன. பின்னர் கேம்ப்ளின் என்ற அமெரிக்க ஓவிய வண்ண நிறுவனம் இந்த நிறமியில் எண்ணெய் வண்ணக் குழாய்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாப்ராவின் வட்ட வடிவ ஓவியங்களும் இதனாலேயே தீட்டப்படுபவை. ரூரல் ஆக்‌ஷன் என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, சண்டே கிரீக் ஓடையின் பெரிய ஊற்று ஒன்றை முழுவதுமாகச் சுத்திகரிக்கும் ஆலைக்கான பணிகள் நடந்தன. கான்கிரீட், செங்கல், பெயின்ட் தொழில்களுக்கும் இரும்பு ஆக்சைடு டன் கணக்கில் தேவைப்படுவதால், நிறமியின் வருமானமே சுத்திகரிப்புச் செலவைத் தாங்கும் என்பது இவர்களுடைய கணக்கு. கழிவு, கலை, ஓடை மூன்றும் ஒரே சங்கிலியில் சேரும் இடம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் இல்லை.

இந்தியாவின் மிகப் பெரிய கழிவுக் கலைப்படைப்பு இந்தக் கோட்பாடுகள் எதையும் அறியாமல், இவற்றுக்கெல்லாம் முன்பே தொடங்கியது. பிரிவினையின்போது பாகிஸ்தான் பகுதியிலிருந்து வந்த நேக் சந்த், பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகச் சண்டிகரில் வேலை பார்த்தார். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வகுத்த அந்தப் புது நகரத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இடிக்கப்பட்டிருந்தன. உடைந்த வளையல், பீங்கான் தட்டு, ஓடு, புட்டி, சைக்கிள் சட்டம், தார் டிரம், எரிந்துபோன டியூப் லைட் ஆகியவற்றை அவர் 1950களின் இறுதியிலிருந்து சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்து, கட்டடம் கட்டக் கூடாதென்று ஒதுக்கியிருந்த காட்டு ஓடைப் பகுதியில் சேர்த்தார். இரவில் யாருக்கும் தெரியாமல் அவற்றைச் சிமென்ட்டில் பதித்து மனிதரும் விலங்கும் பறவையுமாக ஆக்கினார். அதிகாரிகள் 1970களில் கண்டுபிடித்தபோது அது ஏக்கர் கணக்கில் பரவிய சிற்பத் தோட்டமாகியிருந்தது. சட்டப்படி இடிக்கப்பட வேண்டிய ஆக்கிரமிப்பு. நிர்வாகம் அதைப் பாதுகாக்க முடிவுசெய்து 1976இல் மக்களுக்குத் திறந்தது. நேக் சந்துக்குச் சம்பளமும் உதவிக்கு ஆட்களும் கொடுத்தது. 1984இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1990ஆம் ஆண்டு வாக்கில் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்கப் புல்டோசர் வந்தபோது மக்கள் கைகோத்து மறித்தார்கள். 2015இல் அவர் இறக்கும்போது தோட்டம் சுமார் 40 ஏக்கருக்கு வளர்ந்திருந்தது. நஞ்சு நீக்கம் என்ற பொருளில் இது நிலமீட்பு ஆகாது. நகரம் கட்டுவதற்காக அழிக்கப்பட்ட வீடுகளின் சில்லுகள் அதே நகரத்தின் நடுவே நிமிர்ந்து நிற்கின்றன என்பதே இதன் கனம்.

கழிவுப் பொருளிலிருந்து கழிவைச் சுமப்பவர் பக்கம் பார்வையைத் திருப்பியவர் மியர்லே லேடர்மன் உக்கலீஸ். முதல் குழந்தை பிறந்த பின், துடைப்பதும் கழுவுவதும் துவைப்பதுமாக நாள் போவதைக் கண்ட அவர், இந்த வேலைகளே என் கலை என்று 1969இல் பராமரிப்புக் கலைக்கான அறிக்கையை எழுதினார். 1977இல் நியூயார்க் மாநகரத் துப்புரவுத் துறையின் கலைஞராக, சம்பளமின்றிச் சேர்ந்தார். 1979 முதல் பதினொரு மாத காலம் நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் சென்று 8,500 துப்புரவுப் பணியாளர்களுடனும் கைகுலுக்கி, நியூயார்க்கை உயிரோடு வைத்திருப்பதற்காக ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். குப்பை அள்ளுபவரின் கையைத் தொடத் தயங்கும் எந்தச் சமூகத்திலும் இந்தச் செயலின் பொருள் விளங்கும். 1983இல் ஒரு குப்பை லாரியின் இருபுறமும் கண்ணாடி பதித்து ஊர்வலத்தில் ஓட்டச் செய்தார். வேடிக்கை பார்த்தவர்கள் குப்பை வண்டியில் தங்கள் முகத்தையே கண்டார்கள்.

உக்கலீஸின் நெடுங்காலக் களம் ஸ்டேட்டன் தீவின் ஃபிரெஷ் கில்ஸ். கடலோதம் வந்துபோகும் சதுப்பு நிலமாக இருந்த அங்கே 1948இல் தற்காலிகம் என்று சொல்லிக் குப்பை கொட்டத் தொடங்கியது மாநகரம். அரை நூற்றாண்டுக்கு மேல் அது நிற்கவில்லை. 1980களின் உச்சத்தில் நாளொன்றுக்கு 29,000 டன் வரை படகுகளில் வந்து இறங்கியது. 2,200 ஏக்கர் பரப்பில் நான்கு குப்பை மலைகள் எழுந்தன. கடைசிப் படகு 2001 மார்ச்சில் வந்தது. ஆறே மாதத்தில், தாக்குதலில் தகர்ந்த உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளைச் சலித்து மனித எச்சங்களைத் தேடுவதற்காகக் கிடங்கு மறுபடி திறக்கப்பட்டது. அந்த மண்ணில் தங்கள் உறவினரின் துகள்கள் இன்னும் இருக்கின்றன என்ற வேதனை பல குடும்பங்களுக்கு உண்டு. பூங்காவாக்கும் பெருந்திட்டத்தை ஜேம்ஸ் கார்னரின் ஃபீல்ட் ஆபரேஷன்ஸ் நிறுவனம் வகுத்தது. உக்கலீஸ் 1989 முதல் அந்த இடத்துக்கான கலைஞராக நியமனம் பெற்றிருக்கிறார்.

மலைகளின் மேல் மண், நெகிழித்தாள், வடிகால் அடுக்கு, மீண்டும் மண் என்று பல அடுக்குகள் போர்த்தப்பட்டன. உள்ளே குப்பை அழுகிக்கொண்டே இருப்பதால் குழாய்கள் மீத்தேனை உறிஞ்சி வெளியேற்றுகின்றன. அதைச் சுத்திகரித்து வீடுகளுக்கு எரிவாயுவாகவும் விற்றார்கள். அடியில் வடியும் கசிவுநீர் தனி ஆலையில் சுத்திகரிக்கப்படுகிறது. மேலே வளர்ந்த புல்வெளியில், அப்பகுதியில் அரிதாகிவிட்ட வெட்டுக்கிளிச் சிட்டு போன்ற பறவைகள் கூடு கட்டுகின்றன. வடக்குப் பூங்காவின் 21 ஏக்கர் கொண்ட முதல் பகுதி 2023 அக்டோபரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. மற்றவை 2036ஐ இலக்காகக் கொண்டு கட்டம் கட்டமாக வருகின்றன. பூங்காவை அமைப்பது மாநகரப் பூங்காத் துறை. வாயுக் குழாய்களையும் கசிவுநீர் ஆலையையும் கவனித்துக்கொள்வது துப்புரவுத் துறை.